கப்பல் தாத்தாவுக்கு ஒரு பப்பியே

திங்கட்கிழமை காலையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மேரிக்கு, அதாவது பிரெஞ்சு சர்க்காரின் நகராட்சி ஆபீசுக்குப் போய், எப்போதோ செத்துப்போன ஒருத்தருடைய மரணப் பதிவுக்கு நகல் வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான்.

செத்தவர் எங்கள் தாத்தாவுக்கே கொள்ளுத்தாத்தா. பெயர் அம்பலவாணன். எங்கள் வீட்டில் கப்பல் தாத்தா.

நான் கதை கேட்டே வளர்ந்தவன். எங்கள் தாத்தா வெற்றிலை மடிக்க ஆரம்பித்தால் கப்பல் தாத்தா பாய் விரித்துக் கிளம்பிவிடுவார். வீராம்பட்டினத்தில் பிறந்தவர், மூன்று பாய்மரக் கப்பலுக்குக் கேப்டன்! பூர்போன் தீவு வரைக்கும் ஓட்டினவர்! நடுக்கடலில் புயல் வந்தபோது சுக்கானை விடாமல் பிடித்து அத்தனை பேரையும் கரை சேர்த்தவர்!

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் புயல் ஒரு ராத்திரிதான் அடித்தது. எனக்கு மீசை முளைப்பதற்குள் அது ஒரு வாரமாகிவிட்டது.

இந்தக் கதையை அத்தை, எனக்குப் பெண் கேட்கப்போன இடத்தில் சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பம்.

முத்தியால்பேட்டையில் வேப்பமரத்து வீடு. பெண்ணின் அப்பா சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். ஊரே அவரை சைகோன்காரர் என்றுதான் கூப்பிடும். அவருக்கு இந்த உலகத்தில் இரண்டே விஷயத்தில்தான் நம்பிக்கை. ஒன்று சர்க்கார் காகிதம். இன்னொன்று அவர் கையால் வைத்த மீன் குழம்பு. மீன் வாங்கின அன்று வீட்டம்மாவை அடுப்படிப் பக்கமே விடமாட்டாராம்.

"கேப்டன் வம்சமா? ரொம்ப சந்தோஷம். பப்பியே இருக்கா?" என்றார்.

பப்பியே என்றால் முத்திரை போட்ட காகிதம். எங்கள் ஊரில் பப்பியே இல்லாமல் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது.

"பப்பியே எதுக்குங்க? ஊருக்கே தெரியுமே!" என்றாள் அத்தை.

"வாயால சொன்னா நான்கூட கவர்னருக்குத் தம்பிதான். பப்பியே வரட்டும், தட்டு மாத்திக்குவோம். வரலேன்னா வேற இடம் பாத்துக்குங்க."

"வாங்கிட்டாப் போச்சு! இவன் போவான்!"

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் கதவுக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் என் செருப்பைத் தொலைத்துவிட்டு நான் ஒற்றைக் காலில் நொண்டியபோது, முதல் ஆளாகச் சிரித்த பெண் அவள்தான். அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது. அவளுக்காக மேரி என்ன, பூர்போனுக்கே போவேன்!

திங்கட்கிழமை பார்த்தால், வாசலில் சைகோன்காரரே வந்து நிற்கிறார். புஸ்புஸ் வண்டியில். மடியில் அடுக்குப் பாத்திரத்தில் மத்தியானச் சாப்பாடு.

"உங்களுக்குப் பிரெஞ்சு தகராறுன்னு கேள்விப்பட்டேன். நானே படிச்சுச் சொல்றேன். ஏறுங்க மாப்ளே."

புஸ்புஸ் வண்டியை ஒருத்தர் பின்னாலிருந்து தள்ளுவார். முன்னால் உட்கார்ந்தவர் கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பியை அவர் என் பக்கம் தள்ளினார்.

"கேப்டன் வம்சமாச்சே! பிடிங்க!"

"எனக்குப் பழக்கமில்லை மாமா" என்றேன். என் குரல் என் சட்டைப் பொத்தானைத் தாண்டி எப்போதும் போனதில்லை. அன்றைக்கும் போகவில்லை.

பெரிய வாய்க்கால் திருப்பம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே ஒரு ஆடு நின்றது. ஆட்டுக்கு வழி விட்டேன். ஆடு நின்ற இடத்தில் நின்றது. நாங்கள் வாய்க்காலுக்குள் பாதி போய்விட்டோம்!

முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. நான் சைகோன்காரரைப் பிடித்தேன். அவர் அடுக்குப் பாத்திரத்தைப் பிடித்தார்.

"நல்லவேளை, குழம்பு சிந்தல!" என்றார் முதலில்.

தள்ளுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சாமி இவரு கையில கம்பியக் குடுத்தது?"

"கேப்டன் வம்சம்பா" என்றார் சைகோன்காரர். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மேரியில் குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"ஒரு மரணப் பதிவு வேணுங்க" என்றேன்.

"என்னது?"

"மரணப் பதிவுங்க..."

"யாரு செத்தது? சத்தமாச் சொல்லுப்பா, மூக்கால முனகுற!"

சைகோன்காரர் பொறுமை இழந்தார். குமாஸ்தாவை முசியே என்று மரியாதையாகக் கூப்பிட்ட அவர் குரல் துறைமுகப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். "இவரோட கப்பல் தாத்தா, முசியே! அம்பலவாணன்! வீராம்பட்டினம்! பெரிய கேப்டனாம்! எடுங்க பாப்போம்!"

தாழ்வாரத்தில் காத்திருந்த சனம் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றுகொண்டது.

குமாஸ்தா ஒரு பழைய புத்தகத்தைத் தூக்கி வந்து, தூசியை என் மேல் தட்டி, பக்கத்தை எடுத்தார். சைகோன்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

"'அம்பலவாணன்... வீராம்பட்டினம்...' சரி. 'பூர்போன் தீவுக்குப் போய்வந்த கப்பலில்...' அட, இருக்குய்யா!"

எனக்கு நெஞ்சு விம்மியது. தாத்தா, நீ பொய் சொல்லவில்லை!

"'...சமையல்காரராக இருந்தவர்.'"

சைகோன்காரர் சிரித்தார் பாருங்கள், கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது.

"சுக்கானைப் பிடிச்சாராம்! கரண்டியப் பிடிச்சிருக்காருய்யா!"

"புயல்ல கஞ்சி சிந்தாமப் பாத்துக்கிட்டாரோ என்னமோ!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். வீட்டில் நடந்த சாவைப் பதிய வந்திருந்த ஒரு அம்மா கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

சைகோன்காரர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். "சுங்கத்துக்காரன் பொண்ணை அடுப்படி வம்சத்துல குடுக்கறதா? உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க தம்பி, இந்தச் சம்பந்தம் வேணாம்."

முடிந்தது. செண்பகம் போனாள்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் குமாஸ்தா, விரலைப் பக்கத்தின் அடியில் வைத்து. "சாவை இங்க வந்து சொன்னவர் பேரு போட்டிருக்கு. செத்தவரோட பேரன். வைத்திலிங்கம். முத்தியால்பேட்டை, வேப்பமரத்து வீடு."

சைகோன்காரர் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு குனிந்து, குமாஸ்தாவிடம் ஏதோ முணுமுணுத்தார்.

என் பிறவியிலேயே முதல் தடவையாக நான் கத்தினேன். "காதுல விழல! சத்தமாச் சொல்லுங்க!"

"எங்க தாத்தாய்யா அவரு..." என்றார். அது என் குரல். எப்போது எடுத்துக்கொண்டாரோ!

கூட்டம் ஆனந்தமாக நெருங்கி நின்றது. நான் விரல் விட்டு உறவுமுறையை எண்ணினேன். வைத்திலிங்கம் மகன் வயிற்றுப் பேரன் என்றால் நாங்கள் பங்காளிகள். இவர் எனக்குப் பெரியப்பா. செண்பகம் எனக்குத் தங்கை! மகள் வயிற்றுப் பேரன் என்றால் இவர் மாமன். செண்பகம் முறைப்பெண்.

"மகன் வயித்துப் பேரனா, மகள் வயித்துப் பேரனா?" இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டோம்.

"பேரன்னு மட்டுந்தான் இருக்கு. எந்த வழின்னு வெள்ளைக்காரனுக்கு என்ன கவலை? வைத்திலிங்கத்தோட கல்யாணப் பதிவைத் தேடினாத் தெரியும்."

"தேடுங்க!"

கோயில் மணி உச்சிவேளைக்கு அடித்தது. குமாஸ்தா புத்தகத்தைப் படாரென்று மூடினார். "சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்."

எங்கள் ஊரில் மத்தியானத் தூக்கத்தைக் கவர்னராலும் தடுக்க முடியாது. கதவு பூட்டியாகிவிட்டது.

கடற்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? மாமா என்று கூப்பிட்டு, அப்புறம் பெரியப்பாவாகிவிட்டால் அசிங்கம். பெரியப்பா என்றால் நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

"ஏங்க" என்றேன், பொதுவாக.

"என்னங்க" என்றார் அவரும், அதைவிடப் பொதுவாக.

வேறு வழியில்லாமல் பாத்திரத்தைத் திறந்தார். வஞ்சிர மீன் குழம்பு. துக்கத்திலும் உண்மையைச் சொல்லவேண்டும். அப்படியொரு குழம்பை நான் சாப்பிட்டதே இல்லை!

"கைமணம்னா இதாங்க!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கப்பா இதைவிட நல்லா வெப்பாரு. அவருக்கு எங்க தாத்தா சொல்லிக் குடுத்தது. எங்க தாத்தாவுக்கு அவரோட..."

பாதியில் நிறுத்தினார். நான் கடலைப் பார்த்தேன். அவரும் கடலைப் பார்த்தார். மூடியை ஓசைப்படாமல் மூடினார்.

மேரி திறந்ததும் குமாஸ்தா கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு வந்தார். இன்னொரு புத்தகம். தேடினார், தேடினார், நடுவில் கொட்டாவி விட்டார். எனக்கு உயிர் போனது.

"ம்... வைத்திலிங்கம் கல்யாணம். தாயார் பொன்னம்மாள். தாயாரோட தகப்பனார்... அம்பலவாணன்."

"மகள் வயித்துப் பேரன்! மாமா!"

"மாப்ளே!"

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். காலி பாத்திரம் விலாவில் குத்தியது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பொன்னம்மாளை எங்கள் வீட்டார் சுத்தமாக மறந்திருந்தார்கள். நான் மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

குமாஸ்தா பேனாவை எடுத்தார். "கப்பல் சமையல்காரருக்கு நகல் எழுதட்டுமா?"

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேணாம் முசியே. பெரியவங்க வாயால சொல்லிட்டுப் போன விஷயம். அதுக்குப் போயி பப்பியே எதுக்கு?"

திரும்பும்போது வண்டிக் கம்பியை அவரே பிடித்துக்கொண்டார். "நானும் கேப்டன் வம்சந்தானே!"

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாமாதான் கதை சொன்னார். அவர் சொன்ன புயலில் கப்பல் இரண்டாகவே உடைந்துவிட்டது. கப்பல் தாத்தா பாதிக் கப்பலை ஓட்டிக்கொண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தார். அத்தைக்கே வாயடைத்துப் போயிற்று.

கதையைக் கேட்க எல்லோரும் பந்தலுக்குப் பின்னால், அடுப்படிக்குத்தான் போகவேண்டியிருந்தது. கையில் கரண்டியோடு நின்ற கேப்டன் வம்சம் அங்கிருந்து நகர மறுத்துவிட்டது.