நாடக வாத்தியாரின் மூன்றாவது கேள்வி

மனிதர்களின் மனதைப் படிக்கத் தெரிந்தவன் நான் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மொத்தம் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள், கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர்களுக்கு நாடக வகுப்பு. வாத்தியார் நான்.

என் தகுதி என்ன என்று கேட்கிறீர்களா? பெசன்ட் நகரில் பத்து நாள் நாடகப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். (பத்து நாளில் நீச்சல்கூட வராது. எனக்கு மனித மனமே வந்துவிட்டது.) அங்கே மூன்று கேள்விகள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? அது ஏன் வேண்டும்? அதற்குக் குறுக்கே நிற்பது எது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மோதல் தானாகப் பிறக்கும், நாடகம் தானாக நடக்கும் என்றார்கள். நான் அதை நாடகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பாண்டி பஜாரில் ஓர் ஆட்டோக்காரரிடம் போய், "இப்ப உங்க நோக்கம் என்னன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஏறுறியா இல்லியா?" என்றார். அதைக்கூட அருமையான வசனம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்ததும், தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள், நாடக வகுப்பால் என்ன பயன் என்று அவர்களுக்குக் காட்டுங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். வேறு யாராக இருந்தாலும் மரம் வளர்ப்போம் என்று ஒரு நாடகம் போட்டுத் தப்பித்திருப்பார்கள். எனக்கு மண்டைக்கனம். பெற்றோரே மிரளும்படி ஒன்றைச் செய்ய முடிவெடுத்தேன்.

திட்டம் இதுதான். பெற்றோர் உள்ளே வரும்போதே ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம். தங்கள் பிள்ளையிடம் தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதி, பெயர் போடாமல் ஓர் எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தில் போட வேண்டும். மேடையில் ஒரு பிள்ளை அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ள ஆசையை வாயால் சொல்லாமல், அப்பாவாகவோ அம்மாவாகவோ நடித்துக் காட்டும். அந்த ஆசை என்ன என்று பெற்றோர் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு டீச்சர் வைதேகி மாமி மயிலாப்பூர்க்காரர், எதிலும் நிதானம். தூக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், எல்லாத்தையும் ஒருதரம் வாசிச்சுப் பாத்துடுங்கோளேன். யார் என்னத்த எழுதிவெச்சிருக்காளோ" என்றார்.

"படிச்சா த்ரில் போயிடும் மேடம்" என்றேன் நான்.

முதல் இரண்டு சீட்டுகள் அமோகம். ஒன்றில் கணக்கில் மார்க், இன்னொன்றில் போனைக் கீழே வைக்க வேண்டும். பெற்றோர் சிரித்துச் சிரித்து ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மூன்றாவது சீட்டை எடுத்தவன் இம்ரான். அவன்தான் வகுப்பின் நகைச்சுவை மன்னன். ராயப்பேட்டையில் அவன் அப்பாவுக்கு மெத்தைக்கடை, அவனுக்கு வாய். சீட்டைப் படித்துவிட்டு ஒரு நொடி தலையைச் சொறிந்தான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டு அப்பாவாக மாறிவிட்டான். மகளாக நடிக்க சுருதி என்ற பெண் நின்றாள்.

"இன்னாமா, உன் போனு கீழ வுழுந்து ஒடஞ்சிடுச்சு" என்றான் இம்ரான், சோகமாக. சுருதி தோளைக் குலுக்கினாள். "மேத்ஸ்ல நாலு மார்க்காம்." அதற்கும் ஒன்றுமில்லை. இல்லாத வெங்காயத்தை அவள் கையில் திணித்து நறுக்கச் சொன்னான். கிள்ளினான். கடைசியில் அவனே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து, நடுவில் ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தான். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. எனக்கு மட்டும் கால் தரையில் படவில்லை.

மேடைக்குத் தாவி ஏறினேன். "சொல்லுங்க, இந்த அப்பாவுக்கு என்ன வேணும்?"

"பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் ஒருவர். "வெங்காய சாம்பார்" என்றார் இன்னொருவர். அப்போது மேடை ஓரத்தில் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பவானி பேசினாள். ஏழு மாதத்தில் அவள் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு அழணும் சார்."

இம்ரான் சீட்டைத் தூக்கிக் காட்டித் தலையாட்டினான். "சபாஷ்" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது கேள்வி இருக்கிறதே. "ஏன் அழணும்?"

"அவ அம்மா செத்துட்டாங்க. அவ ஒரு தடவகூட அழல."

எனக்குப் புல்லரித்தது. ஒரு சின்னப் பெண் நின்ற இடத்திலேயே ஒரு பாத்திரத்துக்கு முழு வாழ்க்கையைக் கற்பனை செய்துவிட்டாள், எல்லாம் என் பயிற்சி என்று நினைத்தேன். இந்த இடத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது. கைதட்டினேன். நான் தட்டியதோடு விடாமல், பெற்றோரையும் தட்டச் சொன்னேன். அவர்களும் தட்டினார்கள். பின்வரிசையில் ஆசிரியைகள் மட்டும் தட்டவில்லை.

மூன்றாம் வரிசையில் நீல நிறப் பட்டறைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்றார். "சார், போதும் சார். வுட்டுடுங்க" என்றார். யாரோ நேரமாகிவிட்டது என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு நிமிஷம் என்று அவருக்குக் கை காட்டிவிட்டு, பவானியிடம் மூன்றாவது கேள்வியையும் கேட்டேன். "சரி, அவ அழறதுக்குக் குறுக்க நிக்கிறது எது?"

பவானி என்னைப் பார்க்கவில்லை. அந்த நீலச் சட்டையைப் பார்த்துச் சொன்னாள். "அப்பாதான். நான் அழுதா அவரு தாங்க மாட்டாரு. வீட்ல நாங்க ரெண்டு பேருதான். அதான் வீட்ல அழறதில்ல. இங்க வந்து, லஞ்ச் முடிஞ்சதும் தண்ணித் தொட்டி பின்னால அழுதுட்டு, மூஞ்சி கழுவிக்கினு வருவேன்."

வியாழக்கிழமைதோறும் என் வகுப்புக்குப் பத்து நிமிஷம் தாமதமாக, ஈர முகத்தோடு வருகிறவள் அவள். "கதாநாயகிக்கு மேக்கப் முடிஞ்சுதா?" என்று நான் கேட்பேன். வகுப்பு சிரிக்கும். ஒரு தடவை இல்லை, ஏழு மாதம் கேட்டிருக்கிறேன். அவள் அம்மா இதே கோபாலபுரத்தில் நாலு வீடுகளில் சமையல் செய்து அவளை இந்தப் பள்ளியில் சேர்த்தவர் என்பதும், மே மாதம் இறந்துபோனார் என்பதும் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருக்கிற ஆட்டோக்காரரின் நோக்கத்தையெல்லாம் விசாரித்த எனக்குத் தெரியாது. நான் அவளிடம் எதுவுமே கேட்டதில்லை.

அந்த நீலச் சட்டைக்காரர், ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர், வரிசையை விட்டு வெளியே வந்தார். மேடைப் படியின் கீழே நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஏறி வந்தார். வந்தவருக்கு அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. மகளைத் தொடவில்லை. "ஸ்கூல் பையி எங்கம்மா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் குரல் உடைந்து, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். பவானி அப்போதும் அழவில்லை. தன் துப்பட்டாவின் நுனியை அவரிடம் கொடுத்தாள்.

இம்ரான் சீட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். "சாரி அங்கிள். எனக்குத் தெரியாது அங்கிள்." அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் தலையில் கை வைத்தார். அந்தப் பதினாலு வயதுப் பையன் கேட்ட மன்னிப்பு எனக்கு வாயில் வரவில்லை. தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கீழே இறங்கி ஒவ்வொரு செருப்பாக மாட்டிக்கொண்டு, மகளோடு வெளியே போகும்வரை யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

திங்கட்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது. இருந்தும் மதியச் சாப்பாடு முடியும் நேரத்துக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. வராந்தாவில் பவானியைப் பார்த்து, மன்னித்துவிடு என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"பரவால்ல சார்" என்றாள். "இப்ப வீட்லயே ரெண்டு பேரும் அழுவுறோம். சமையல்தான் லேட்டாவுது."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் லேசாகச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த மாதமே நாடக நேரம் கணக்குக்குப் போனது. வைதேகி மாமி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அவர் குத்திக்காட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் இதற்குத் தூக்குக் கதை என்று பெயர். விருந்தாளி வந்தால் என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். ஆட்டோக்காரர், இல்லாத வெங்காயம், இம்ரானின் ஒப்பாரி என்று போய், வெங்காய சாம்பாரில் முடியும். நான் ஏதாவது தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால்கூட, "த்ரில் போயிடுமா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் அவளிடம் சொன்னதே இல்லை. பெற்றோருக்குப் பிடிக்கவில்லை, வகுப்பை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கதை ஓடியது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் என் மகள். அவளுக்கும் இப்போது பதினாலு வயது. அவள் சிரிப்பதைப் பார்த்தபடியே, இவள் கடைசியாக அழுதது எப்போது என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.