நாய்த் தீனிக்கு நான் ஆற்றிய வாழ்த்துரை

மேடையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவையோர் நம்புவது இயல்பு. அதை மேடையில் நிற்பவனே நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து. நானோ நம்பியதோடு நிற்கவில்லை. மென்று விழுங்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தும் இருக்கிறேன்.

கல்லூரி நாள்கள் முழுவதும் பேச்சுப் போட்டிகளிலேயே வளர்ந்தவன் நான். கண்ணாடி முன் நின்று, எந்தச் சொல்லுக்குக் கையை எவ்வளவு உயர்த்துவது என்று பழகியவன். ‘தொடங்கிய அடுக்கை நடுவில் நிறுத்தாதே’ என்பது என் பயிற்சியின் முதல் விதி. வீட்டில் தண்ணீர் கேட்பதாயினும் “தாகத்தால் தவிக்கும் இத்தனயனுக்கு” என்றுதான் தொடங்குவேன். (“பானை அங்கனதான் இருக்கு, மோந்து குடி” என்பார் அம்மா.)

அந்தத் தை மாதத்தில் நான் பச்சை வேட்டி உடுத்தி, கழுத்தில் மாலையுடன் இருந்தேன். மாநில அளவிலான பேச்சுப் போட்டியில் வென்றால் பழனிக்கு நடந்தே வருவதாக முருகனிடம் வேண்டியிருந்தேன். கிடைத்தது ஆறுதல் பரிசு. ஆறுதலுக்கும் நடக்கத்தான் வேண்டும் என்று அம்மா தீர்ப்பளித்துவிட்டார். ஆகவே விரதம், மீன் வறுக்கும் வீட்டு வாசலைக்கூட நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்த காலம்.

அக்காவின் கணவர், என் மச்சான், நூற்பாலை வேலையை விட்டுவிட்டுத் தாடிக்கொம்பில் தீவனக் கடை திறந்ததும் அதே மாதத்தில்தான். மாடு, கோழி, நாய், பூனை அனைத்துக்கும் ஒரே கடை. முதல் நாள் போணி நன்றாக அமையாவிட்டால் மச்சான் மறுபடி ஆலையின் இரவு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அக்கா வாரம் முழுவதும் கலங்கிக்கொண்டிருந்தாள்.

திறப்பு விழாவன்று நல்ல நேரம் பிறப்பதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. மச்சான் என்னைத் தனியே அழைத்தார்.

“மாப்ள, நல்ல நேரம் வர்ற வரைக்கும் செத்த நேரம் பேசிக்கிட்டு இரு. ஒருத்தரும் கலையக் கூடாது.”

“கலையார்!” என்றேன்.

(கலையவில்லை. பிற்பாடு ஓடினார்கள்.)

உரையை முந்தைய நாளே எழுதி வைத்திருந்தேன். நாய்த் தீனிப் பொதியின் முன்புறத்தில் செக்கச் சிவந்த காரட், பச்சைப் பட்டாணி, கோதுமைக் கதிர், இவற்றின் நடுவே சிரிக்கும் நாய். இப்படத்தை ஆதாரமாகக் கொண்டே ‘சைவம் தழைக்கும் தீவனம்’ என்னும் கருத்தை நிறுவியிருந்தேன். பொதிக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

“மனிதன் உண்ணத் தகாததை வாயில்லா உயிருக்கு அளிப்பது பாவம்!” என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. அத்தோடு அமர்ந்திருக்கலாம். ஆனால் சொல்லைச் செயலால் மெய்ப்பிப்பது உயர்ந்த உத்தி அல்லவா? மாதிரிக்கு வைத்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கைப்பிடி பழுப்பு உருண்டைகளை அள்ளி வாயில் போட்டேன்.

கருவாடு கட்டி வந்த அட்டைப்பெட்டியை ஊறவைத்து உருட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. சாம்பிராணிப் புகை என் மூக்கை மறைத்திருந்தது. ஆணவம் நாக்கையும் மறைத்தது. “ஆகா!” என்றேன்.

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். ‘இன்னும் இழு’ என்று கையால் சைகை காட்டினார். எழுதி வந்த உரையோ தீர்ந்துவிட்டது. பொதியைத் திருப்பினேன்; பின்புறம் ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். ஆங்கிலத்தைப் பார்த்த நொடியிலேயே நற்றமிழில் பெயர்த்துச் சொல்வது என் தனித்திறமை. நானே வியக்கும் திறமை.

“அவையோரே, இதற்குள் என்னதான் இல்லை? சோளம் இருக்கிறது! அரிசித் தவிடு இருக்கிறது! கோதுமை இருக்கிறது! இறைச்சித் தூள் இருக்கிறது! எலும்புத் தூள் இருக்கிறது! கோழியின் ஈரற்சாறு இருக்கிறது! விலங்கின் துணைப்பொருள்கள்...”

இறைச்சித் தூளிலேயே மூளை விழித்துக்கொண்டது. ஆனால் அடுக்கு தொடங்கிவிட்டதே! பயிற்சி பெற்ற நாக்கு, பள்ளத்தில் இறங்கும் லாரியைப் போல, என் சம்மதமின்றியே ஓடியது. ஒருவழியாக அது நின்றது. என் பல்லிடுக்கில் ஓர் உருண்டை மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

பூனைத் தீனி வாங்க வந்திருந்த காதர் பாய்தான் முதலில் வாய் திறந்தார். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்ப்பவர்.

“தோலை நாங்க எடுத்துக்கிறோம். கறி பிரியாணிக்குப் போயிருது. மிச்சம் மீதியெல்லாம் எங்கிட்டுத்தான் போகுதுன்னு ரொம்ப நாளா எனக்கு ரோசனை தம்பி. இப்பத்தான் தெரியுது, உங்க வாய்க்குப் போயிருக்கு.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த செல்லத்தாயி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. போணிக்கென்று மச்சான் வருந்தி அழைத்திருந்தது அவரைத்தான். மாட்டுத் தீவன மூட்டை ஒன்றை அவர் கையால் வாங்குவதாக ஏற்பாடு.

“ஏலே, நாய் கறி திங்கட்டும், அது பெறந்த பெறப்பு. மாட்டுத் தீவனத்துல எலும்புத் தூள் இருக்கா இல்லையா? எங்க வீட்டுப் பாலுதான் பெருமாளுக்கு அபிசேகத்துக்குப் போகுது. அதைச் சொல்லு.”

மூட்டையைப் பார்த்தேன். ‘தாது உப்புக் கலவை’ என்று எழுதியிருந்தது. அந்தத் தாது பாறையிலிருந்து வந்ததா, எலும்பைச் சுட்ட சாம்பலிலிருந்து வந்ததா என்று எழுதவில்லை. மச்சானைப் பார்த்தேன், அவர் மூட்டை கொடுத்த முகவரைப் பார்த்தார், முகவர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், அது ஒலிக்காமலேயே.

‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போணி நடந்திருக்கும். என்ன செய்வது, சற்று முன்தான் தெரியாத ஒன்றை ‘ஆகா’ என்று விழுங்கியிருந்தேன்.

“தெரியல அத்தை” என்றேன். ஒலிபெருக்கியில் நான் அடைமொழி இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

நல்ல நேரம் பிறந்தபோது கடையில் நாங்கள் மட்டுமே இருந்தோம். காதர் பாய் மட்டும் திரும்பி வந்து, “பூனை என்ன பூசணிக்காயா திங்கப்போகுது? குடுங்க” என்று ஒரு பொட்டலம் வாங்கிப் போனார். மச்சானின் போணி அதுதான். அக்கா என் பக்கம் திரும்பாமல் நாற்காலிகளை மடக்கினாள். அவளுடைய சின்ன மகள் மட்டும் அருகில் வந்து, என் வாயை உற்றுப் பார்த்து, “மாமா, படிச்சிட்டுத் தின்னக் கூடாதா?” என்று கேட்டாள்.

மாலையுடன் குருசாமியிடம் ஓடினேன். எங்கள் பாதயாத்திரைக் குழுவை நடத்துபவர் அவர்.

“தெரியாமத் தின்னதுக்கு முருகன் கோவிச்சுக்க மாட்டான் அப்பு” என்றார். “ஆனா மைக்குல சொல்லிட்டியே. எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சே!”

குளிப்பாட்டி, திருநீறு பூசி, விரதத்தை முதலிலிருந்து தொடங்க வைத்தார்கள். பழனிக்கு நடந்த வழி நெடுகத் தெருநாய்கள் அத்தனை அடியார்களையும் விட்டுவிட்டு என்னை மட்டும் வால் குழைத்து வழியனுப்பியதாக உடன் நடந்தவர்கள் இன்றும் சாதிக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது கடையில் அரவை இயந்திரம் ஒன்று நின்றிருந்தது. “என் கண்ணு முன்னால அரைச்சுக் குடு, வாங்கிக்கிறேன்” என்று செல்லத்தாயி அத்தை சொல்லியிருக்கிறார். முகவரின் மூட்டைகள் போய்விட்டன. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் வந்துவிட்டன. மச்சான் என் கையில் முறத்தைக் கொடுத்தார்.

“நீ கெடுத்த கடை மாப்ள. நீயே நின்னு சொல்லு. உள்ள போடுறது அம்புட்டையும் ஒண்ணொண்ணா, சத்தமா.”

விடுமுறை நாள்களில் இன்றளவும் அதுதான் என் மேடை. “இது சோளம். இது தவிடு. இது புண்ணாக்கு” என்று முழங்குகிறேன்; கூட்டம் கலைவதில்லை. கடை நன்றாகவே ஓடுகிறது.

சென்ற மாதம் ஒட்டன்சத்திரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். கேசரித் தட்டை நீட்டிய பெண்ணின் தந்தை, “ஏனுங்க மாப்பிள்ளை, இதுல ரவை, சர்க்கரை, நெய்யி. வேற ஒண்ணுமில்லீங்க” என்று மிகுந்த மரியாதையுடன் அறிவித்தார். அக்கா மகள் தன் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் தலை குனிந்தேன்.

அவர்கள் வீட்டு நாய் எழுந்து வந்து, என் காலடியில் படுத்துக்கொண்டது.