முசேவுக்கு வைத்த கண்

வருடத்துக்கு ஒரு நாள் என் கண்களுக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி, வடை பாயசத்தோடு படையல் வைக்கிறார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன். (சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். பெருமூச்சு விட்டு ஆமாம் என்பார்.) இந்த மரியாதையை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் கர்வம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்துவது என் வேலை. சின்னதாக ஒரு கோர்ஸ் முடித்திருந்தேன். அதனால் பிரம்மாவுக்கு அடுத்த நாற்காலி எனக்குத்தான் என்று நம்பினேன்.

முதலாளி சந்தானம் சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. "பரு எடுக்கலாம், கறுப்பக் கொஞ்சம் கொறைக்கலாம். இல்லாதத கொண்டாந்து வச்சா அது ஏமாத்து வேல" என்பார். சேதராப்பட்டு கம்பெனிகளில் வேலை பார்த்த அத்தனை பேரையும் குடும்பத்தோடு திரையில் வரைந்த பனிமலைக்கு முன்னால் நிறுத்தி வைத்தவர் அவர். நான் விடமாட்டேன். "அது கலை சார்" என்பேன். அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒருநாள் உப்பளத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் அப்போதுதான் கணவரை இழந்தவர். இன்னொருவர் இறந்தவரின் தங்கை. இறந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். தெருவே அவரைப் பிரெஞ்சுக்காரர்களின் 'ஐயா'வான முசே என்றுதான் கூப்பிட்டதாம். வெயில் கண்ணுக்கு ஆகாது என்று எந்நேரமும் கறுப்புக் கண்ணாடியோடு இருந்த மனிதர். அவர்கள் கொண்டுவந்த எல்லாப் படங்களிலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள்தான் இருந்தன.

"பாஸ்போர்ட்டுலதான் கண்ணாடி இல்லாம இருப்பாரு. அத பென்ஷன் மாத்தறதுக்குக் குடுத்துட்டோம், எப்ப வருமோ தெரில. கருமாதிக்குப் படம் வேணும்" என்றார் தங்கை.

"கண்ணு தெரியாத படத்துக்கு எப்படிம்மா படையல் போடறது? அவரு எப்படிப் பாப்பாரு?" என்று அந்த அம்மா கேட்டார். கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தானம் சார் மெதுவாக, "கண்ணாடியோடவே பெருசு பண்ணிக் குடுத்துடலாம்மா" என்றார். நான் முந்திக்கொண்டு, "கழட்டிடலாம்" என்றேன்.

கழற்றினேன். கன்னத்துத் தோலை எடுத்து எடுத்து ஒட்டிக் கறுப்பு வட்டங்களை அழித்தேன். முழுக்க அழித்த பிறகுதான் நான் செய்திருப்பது உறைத்தது. திரையில் நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் இருந்த ஒரு முகத்தில் கண்ணுக்குப் பதிலாக வெறும் தோல் இருந்தது. அதோடு தனியாக உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்ததால் ரேடியோவைப் போட்டுக்கொண்டேன்.

ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கண்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். முசேவுக்குப் பசி வந்ததுபோல இருந்தது. சந்தானம் சாருக்கு அந்த வாரம் கண்வலி. கடைசியில் ஸ்டுடியோ வாசலில் நாற்காலி போட்டு, பழைய படத்தில் வெளிச்சம் விழுந்த அதே பக்கமாக முகத்தைத் திருப்பி, டிஜிட்டல் கேமராவில் என்னையே எடுத்துக்கொண்டேன். என் கண்களைக் கொண்டுபோய் அவர் புருவத்துக்குக் கீழே வைத்து, வயதுக்குத் தகுந்த மாதிரி சுருக்கங்கள் போட்டேன். கண்ணோரத்தில் விசிறி விரித்தாற்போல், கீழே சிறு பைகள். அற்புதமாகப் பொருந்தியது. நான் இடதுபக்கம் சாய்ந்தால் முசேவும் இடதுபக்கம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பட்டப்பகல்தான், ஆனாலும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருண்ட திரையில் முசே போய்விட்டார், கண்கள் மட்டும் அங்கேயே இருந்தன. அது கதவிடுக்கு வெளிச்சத்தில் தெரிந்த என் முகத்தின் நிழல்தான் என்று புரிவதற்குள் நான் வாசலுக்கு வந்திருந்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி அனுப்பிவைத்தேன்.

கருமாதி அன்று ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. முசேவின் தங்கை. படம் செய்த பெண்ணை அனுப்பச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "வந்து பாக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாராம். சந்தானம் சார் என்னிடம், "நீயே போம்மா. கலைதான" என்றார்.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலைசீவி, பொட்டு வைத்து, மை தீட்டிக்கொண்டு போனேன். அது உயரமான கூரை போட்ட பழைய வீடு. பலகைக் கதவு போட்ட ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். கூடம் நிறைய உறவினர்கள், ஒருவர் விடாமல் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது. "படம் நல்லாதான் இருக்கு. ஆனா எங்க போனாலும் பாக்கறாரும்மா. கொழம்புக்கு உப்பு போட்டாக்கூட பாக்கறாரு. இப்படிப் பாக்கற மனுசன் இல்ல அவரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலை கொஞ்சம் கோணலாக இருந்தது. படத்துக்குக் கீழே போய் நின்று அதைச் சரிசெய்துவிட்டு, எப்படி என் வேலை என்பதுபோலக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை முதுகு காட்டியவர்கள் எல்லோரும் இப்போது திரும்பி, படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

தங்கை கேட்டார். "நீ எந்த ஊரு?"

"பிள்ளைச்சாவடிங்க."

"உங்கம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இங்க உப்பளத்துலதான் இருந்தாங்க. தையல் வேலைக்குப் போவாங்க. சொல்தா வீடுங்க எல்லாம் அம்மாவதான் கூப்பிடுவாங்க" என்று வேறு பெருமையடித்துக்கொண்டேன்.

யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பாயசம் வந்தது. (கருமாதி வீட்டில் ஸ்டுடியோக்காரிக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.) என் வயதைக் கேட்டார்கள். சொன்னேன். தங்கை விரல்விட்டுக் கணக்குப் போட்டு, "அண்ணன் லீவுல வந்துட்டுப் போன வருசம்" என்றார். அந்த அம்மா என் கையை விட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாயச டம்ளரைக் கீழே வைத்தேன். பிள்ளைச்சாவடியில் என் அம்மா ஒன்றும் அறியாமல் மீன் பொரித்துக்கொண்டிருப்பார். இங்கே அவர் மானமும், செத்துப்போன ஒரு மனிதரின் மானமும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன.

"அது என் கண்ணுங்கம்மா" என்று அலறினேன்.

"அதத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் தங்கை.

கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியதைச் சொன்னேன். "கண்ண எடுத்து வைக்கறதுக்கு நீ என்ன டாக்டரா?" என்றார் ஒரு பெரியவர். அழுகை வந்தது. அந்த அவசரத்தில்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கீழ் இமையில் நான் கவனிக்காமல் விட்ட மை, மெல்லிய கோடாக இருந்தது. "பாருங்க, மை. ஆம்பள மை வைப்பாரா? நான் வச்ச மை அது" என்றேன்.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். முந்தானையை எச்சில் தொட்டு, குழந்தைக்குத் துடைப்பதுபோலக் கணவரின் கண்ணுக்குக் கீழே பிரேம் கண்ணாடியைத் துடைத்தார். மை போகவில்லை. மறுபடி துடைத்தார். பிறகு ஸ்டூலிலிருந்து குனிந்து, அழுகையில் மை கரைந்து கிடந்த என் கண்களைப் பார்த்தார். சாத்திய ஜன்னல்களுக்கு நடுவே, அத்தனை பேரும் பார்க்க, சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நிற்க வெகுநேரமானது.

சில வாரம் கழித்து அந்த அம்மா பாஸ்போர்ட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். நானும் திருந்தியிருந்தேன். முசேவுடைய கண்களையே எடுத்து, ஒரு சுருக்கம்கூடக் கூட்டாமல் புதுப் படம் செய்துகொடுத்தேன். சின்னக் கண்கள். கேமராவைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. அந்த அம்மா ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்திருந்தார்.

"இதுதான் அவரு. ஊருக்குக் கெளம்பற அவசரம் கண்ணுலயே இருக்கு பாரு. எப்பவும் இப்படித்தான்" என்றார். பிறகு படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பழசே இருக்கட்டும். மைய மட்டும் எடுத்துடு."

"அது பொய்ம்மா" என்றேன். கலை என்று வாதாடிய அதே வாயால்.

"தெரியும். இருக்கட்டும். இனிமேலாச்சும் என்ன யாராவது பாக்கட்டும்."

சந்தானம் சார் டீ குடிக்கப் போகாமல் நின்றிருந்தார். என்னிடம் அவர் கொள்கையை அதற்குப் பிறகு சொன்னதில்லை.

விஷயத்தைக் கேட்டு என் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். எல்லாம் முடிந்த பின், "ஆளு பாக்க எப்படி இருப்பாரு?" என்று மட்டும் கேட்டார். முசேவின் தங்கைக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. திதிக்குத் திதி எனக்கு அழைப்பு வருகிறது. என் கண்களுக்கு எதிரே உட்கார்ந்து நான் வடை சாப்பிடுகிறேன்.

இப்போதெல்லாம் காலையில் முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயம். அன்று நான் மவுஸைப் பிடித்துப் போட்ட சுருக்கங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. கண்ணோரத்தில் அதே விசிறி, கீழே அதே பைகள், போட்ட இடம் மாறாமல். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் என் மகள் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பாள்.

"அப்பா, முசே முழிச்சிட்டாரு. காபி போடுங்க."