கனவு கேட்கிற மருமகளை வந்து அழைத்துப் போ

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மெத்தைக் கடைத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் நலமாகவும், உன் முதுகுவலி நலிவாகவும் இருக்க வேண்டுகிறேன்.

போன மாதம் போனில், "அவள எங்கிட்ட விடு, கடைசி வருஷத்தையாவது ஒழுங்கா உக்கார வெச்சுப் படிக்க வைக்கிறேன்" என்றாயே, அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது முழுச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வந்து என் மகளை, உன் மருமகளை, அழைத்துப் போ.

எல்லாம் அவளுடைய தலைமையாசிரியரால் வந்த வினை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "பிள்ளைங்க கனவு காணணும். அதுல முழு ஈடுபாட்டோட எறங்கணும். கத்துக்கறது பள்ளிக்கூடத்தோட முடியறதில்ல, ஆயுசு முழுக்க" என்றார். ஆயுசு முழுக்கவா! கொலை செய்தவனைக்கூட நன்னடத்தை பார்த்து நடுவில் விட்டுவிடுகிறார்களே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வக்கீலாம்.

ஆளுக்கொரு விஷயத்தைப் பாடத்துக்கு வெளியே எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போக வேண்டும் என்பது உத்தரவு. மற்ற பிள்ளைகள் பறவை, ரோபோ என்று எடுத்துக்கொண்டார்கள். நம்மவள், கனவு என்றால் கனவுதானே என்று, தூக்கத்தில் வருகிற கனவையே எடுத்துக்கொண்டாள். மெத்தைக் கடையில் தவழ்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அதுவரை எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பாள். "உடம்பு பெஞ்சுல இருக்கு, ஆளக் காணோம்" என்று அவள் டீச்சர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பெண் அவள். எதிலாவது ஒட்டிக்கொண்டாளே என்று நினைத்தேன்.

ஒட்டிக்கொண்ட இடம் என் வியாபாரம். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, மெத்தையை அமுக்கிப் பார்க்கிறவர்களிடம், "படுத்துப் பாருங்க, நேத்து என்ன கனவு கண்டீங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறாள், புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது, பெண்டாட்டி தன் கனவை ஆசை ஆசையாகச் சொன்னாள், அதில் எங்கேயும் புருஷன் வரவில்லை, "நான் எங்க போயிருந்தேன்?" என்று அவன் கேட்க, "கடைக்குப் போயிருப்பீங்க" என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தெருவில் இறங்கிப் போனார்கள், மெத்தை அப்படியே கிடக்கிறது, அடுத்த நாள் பஸ் டிரைவர் ஒருவர் வந்து படுத்தார், கடல்மேல் பஸ் ஓட்டினாராம், இறங்க வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையாம், சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டார், எழுப்பப் போன என்னை உன் மருமகள் உதட்டில் விரல் வைத்துத் தடுத்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நின்று பார்த்தது. மின்விசிறிக் காற்றில் மெத்தை உறைகள் மெல்லச் சலசலத்தன. சாயங்கால வெயில் அவர் பாதம் வரை வந்து நின்றது. வெளியே நின்றவர்கள்கூடப் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன் அக்கா, அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தலையணைகூட விற்கவில்லை.

இப்போது அவள் வகுப்பே வருகிறது. வரிசையாகப் படுத்துக்கொண்டு, கனவில் ஓடினால் கால் ஏன் நகர்வதில்லை என்று விவாதம் செய்கிறார்கள். கண்டிக்க வந்த உயிரியல் டீச்சர், "எனக்கும் அப்படித்தான் வரும்" என்று காலியாக இருந்த மெத்தையில் சாய்ந்துவிட்டார். பாடப்புத்தகத்தைத் தொடாதவள் மூளையைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்து, சோறு ஆறுவது தெரியாமல் படிக்கிறாள். "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டேன். "வராதுப்பா" என்கிறாள், அவ்வளவு சந்தோஷமாக.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் தினமும் நான் பல் துலக்கும்போது வந்து நின்று, "அப்பா, நேத்து என்ன கனவு?" என்கிறாள். "மெத்தை விக்கறவனுக்கு ஏதும்மா கனவு" என்கிறேன். அவள் முகம் வாடிவிடுகிறது. ஊரில் எல்லோரிடமும் ஏதோ கிடைக்கிறது, பெற்ற அப்பனிடம் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகவே நீ அழைத்துப் போவதே நல்லது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் நிம்மதியும் நல்ல தூக்கமும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, கவர் தேடுகிற சாக்கில் ஜன்னலோர ஸ்பிரிங் மெத்தையில் சற்றே சாய்ந்தேன். தூங்கிவிட்டேன். கனவு வந்தது அக்கா, எனக்கே. நாம் படித்த பள்ளிக்கூடம். கூரை இல்லை, மேகம் மேசைகளுக்கு நடுவே நடந்து போகிறது. கடைசிப் பெஞ்சில் நீ, ரெட்டைச் சடையோடு, ஏதோ கேட்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். டீச்சர் திரும்பவே இல்லை. மணி அடிக்கிறது, எல்லோரும் போகிறார்கள், நீ கையை இறக்கவில்லை. விழித்துக்கொண்டு உன் மருமகளிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் சொல்வதை அப்படி யாரும் கேட்டதில்லை. கடைசியில், "அத்தை என்னப்பா கேக்க வந்தாங்க?" என்றாள். உன்னையே போனில் கேட்டுவிடலாம் என்றேன். "போன்ல வேணாம்ப்பா, நேர்ல வரச் சொல்லுங்க" என்கிறாள்.

ஆகையால் அவளை அழைத்துப் போக வர வேண்டாம். மேலே எழுதியதில் வணக்கம் மட்டும் செல்லும், மற்றதெல்லாம் தூங்காதவன் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை நீ சும்மா வா. ஸ்பிரிங் மெத்தையை யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறேன், முதுகுக்கும் நல்லது. வரும்வரை கையை இறக்கிவிடாதே.