கடல்காளானுக்கு வைத்த குங்குமம்

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டில் இருக்கும் ஒரு ஜாடியை ரயிலில் ராஜபாளையத்துக்குக் கொண்டுவருவது. அவ்வளவுதான்.

ஜாடிக்குள் கடல் தண்ணீர். தண்ணீருக்குள் உளுத்துப்போன ஒரு கட்டை. கட்டைமேல் காளான்.

காளான் என்றதும் மழைக்கு முளைக்கிற குடையை நினைக்க வேண்டாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். இது கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளி. காலேஜில் தாவரப் பாடம் நடத்துகிற என் அண்ணன், இதற்காகத் திருச்செந்தூர்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டை பொறுக்கியவன். புள்ளியைக் கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே வித்து தெரியுமாம். வித்துக்கு மீசை மாதிரி நூல் இருக்குமாம். மீசை எத்தனை, எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இன்ன சாதி என்று பிரிப்பார்களாம்.

"கடலுக்குள்ளயும் சாதியா?" என்று கேட்டேன்.

லீவுக்கு வரும் வழியில் சித்தி வீட்டில் தங்கியவன், காலேஜ் மைக்ராஸ்கோப்பைக் கைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஜாடியை மறந்துவிட்டான்.

"பத்திரமா கொண்டு வா. உன்னை டீச்சர் டிரெயினிங் ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லி அப்பாகிட்ட நானே பேசுதேன்" என்றான்.

எனக்கு இது பெரிய விஷயம். பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்த எனக்கு அப்பா பட்டாளத்து மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் மாப்பிள்ளைக்கு முன்னால் அவருடைய மீசைதான் வந்து நின்றது.

ரயிலில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே தேவதானத்துக்குப் போகிற ஒரு அம்மா.

"ஏட்டி, ஜாடியில என்ன?"

"கடல் தண்ணி."

"எந்தக் கடலு?"

"திருச்செந்தூர்."

வேறு ஏதாவது ஊர் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சட்டென்று வராது.

அந்தம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினார். "தீர்த்தம் குடு தாயி."

"தீர்த்தம் இல்லம்மா. நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. இது காளானுக்கு."

"பாருங்க, வேதக்காரப் பிள்ளை. அதுக்கே முருகன் எம்புட்டு பக்தியக் குடுத்திருக்கான்" என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

பெட்டி முழுக்கக் கேட்டது. கைகள் நீண்டன. தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா, "கொஞ்சம் இய்யம்மா" என்று வெள்ளி டம்ளரையே நீட்டினார்.

"குடிச்சா வயித்தால போகும்" என்றேன்.

"பாவமெல்லாம் அப்படித்தான் போகும்" என்று ஒரு பெரியவர் எல்லாருக்கும் தைரியம் சொன்னார்.

ஆளாளுக்கு ஜாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் குறையக் குறையக் கட்டை வெளியே தெரிந்தது. வினை அங்கேதான்.

"உள்ள என்னட்டி கம்பு?"

"உளுத்த கட்டை. காளான் பிடிச்சிருக்கு."

"அப்படிச் சொல்லப்படாது" என்று தேவதானத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தியில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்தார். நான் ஜாடியை இழுக்க, அவர் இழுக்க, அந்த இழுபறியில் கட்டை முழுக்கக் குங்குமம். பின்னாலிருந்து கற்பூரம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது.

"ரயிலுக்குள்ள தீ வைக்கக்கூடாது" என்று கத்தினேன். அதை மட்டும் நம்பினார்கள்.

ராஜபாளையத்தில் இறங்கியபோது ஜாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கட்டை மட்டும் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஸ்டேஷன் குழாயில் கழுவினேன். மேலே இருந்தது போனது. பொந்துக்குள் இருந்தது போகவில்லை.

வீட்டு வாசலிலேயே அண்ணன் நின்றான். "தண்ணி எங்கட்டி?"

"குடிச்சிட்டாங்க."

"விளையாடாத" என்று கட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். பொந்தைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எந்தப் புஸ்தகத்திலயும் இல்ல. சிவப்பா இருக்கு. மீசையே இல்ல. புதுச் சாதி."

பென்சிலை எடுத்து வரைந்தான். அதற்குப் பெயர்கூட யோசித்துவிட்டான், பின்பாதியில் எங்கள் ஊர் வருகிற மாதிரி. அப்பா வந்து எட்டிப் பார்த்து, "பய பெரிய ஆளா வருவான்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அண்ணன், "இவ டிரெயினிங்குக்குப் போகட்டும்பா" என்றான். அப்பாவுக்குத் தலை ஆடத் தொடங்கியது.

இன்னும் செத்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் காரியம் முடிந்திருக்கும்.

"அண்ணே, அது குங்குமம்" என்றேன்.

முழுக் கதையையும் சொன்னேன். கற்பூரத்தைக்கூட விடவில்லை. அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தான். அப்பாவுக்குத் தலை ஆட்டம் நின்றது. போட்டோ மீசை என் கண் முன்னால் வந்தது.

"அப்பா, இவளை நாளைக்கே டிரெயினிங் ஸ்கூல்ல கொண்டு விடுங்க" என்றான் அண்ணன். "இவ வீட்டுல இருக்கிற வரைக்கும் என் ஆராய்ச்சி உருப்படாது."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா. பட்டாளத்துக்காரனும் இவ பேச்சைத் தாங்கமாட்டான்."

ஏன் டீச்சர் வேலைக்கு வந்தாய் என்று டிரெயினிங் ஸ்கூலில் கேட்டார்கள். வீட்டில் துரத்திவிட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன்.