பொறுங்க மேடமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கொங்கு நாட்டில் பிறந்தும், வந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க விடாத ஒரே மனுஷி எங்கள் பொறுங்க மேடம்தான். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். நிஜப் பெயர் ஏதோ நல்ல பெயர்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் "பொறுங்க" என்பதால், பெற்றோர் நாங்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

என் மகள் யாழினிக்கு நாலு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. தானாக எதையாவது ஒரு தடவை கேட்டுவிட மாட்டாளா என்று நானும் மனைவியும் ஏங்கிக் கிடந்தோம்.

கருமத்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மேடம் முதல்முறை வந்தபோது, யாழினி பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள். நான் உடனே எடுத்து நீட்டினேன்.

"ஏனுங்க, அம்மணி கேட்டாளா?"

"பாத்தாளேங்க."

"பொறுங்க. பேச்சு வராததுக்கு நீங்க காரணமில்லீங்க. ஆனா கேக்கறதுக்குக் கொஞ்சம் எடம் வுடோணுமில்ல?"

அதோடு விட்டாரா? காபி கொண்டுவந்த என் மனைவியிடம், "நான் கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அன்று இரவு முழுக்க அவள் புலம்பித் தீர்த்துவிட்டாள்.

பிறகு வாரந்தோறும் வந்தார். தண்ணீர், பிஸ்கட், குமிழி என்று படம் போட்ட அட்டைகளை யாழினி முன்னால் பரப்புவார். "படத்தை எடுத்துக் குடுத்தாலும் பேச்சுத்தானுங்க" என்பார். சோப்புக் குமிழிகளை ஒருமுறை ஊதிவிட்டு, புட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பக்கத்துத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி கேட்கும். ஜன்னல் வெயிலில் ஒரு குமிழி மெல்ல மிதந்து வந்து என் முழங்காலில் உட்காரும். மணி என்ன, கிழமை என்ன, எதுவும் நினைவில் நிற்காது. ஒரு நாள் அப்படியே தூங்கி, குறட்டையும் விட்டுவிட்டேன்.

"அப்பாவுக்குச் சத்தம் நல்லா வருதுங்க" என்றார் மேடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மாதங்கள் போயின. யாழினி குமிழிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நம்பிக்கை கரையத் தொடங்கியது.

ஒரு நாள் மேடம் தொண்டை கட்டிய நிலையில் வந்தார். நடுவில் இருமல் பிடித்துக்கொண்டது. என் மனைவி பதறி எழுந்தாள். இருமலுக்கு நடுவிலும் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார் மேடம்.

யாழினி குமிழியை விட்டுவிட்டு மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அட்டைகளைக் கலைத்தாள். தண்ணீர்ப் படத்தை எடுத்துத் தன் அம்மாவின் கையில் வைத்தாள். என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். யாழினி அதைக் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பாதியைத் தரையில் சிந்தியபடி, மேடத்திடம் நீட்டினாள்.

"நான் கேக்கவே இல்லீங்களே, கண்ணு" என்றார் மேடம், கரகரத்த குரலில்.

யாழினி டம்ளரைத் தாழ்த்தவில்லை. அவரிடமே கற்ற பொறுமையோடு காத்திருந்தாள்.

மேடம் கண் கலங்க வாங்கிக் குடித்தார். இத்தனை நாள் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் தொடாத அந்த மகராசி, டம்ளரை யாழினியிடமே திருப்பிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டார்.