பதினேழாவது குப்பியும் படிவம் 14-அ-வும்

நாவல் எழுதி வெளியிட்டவனுக்கு ஒரே ஒரு தகவல் தேவைப்படுகிறது: யாராவது அதைப் படித்தார்களா? இந்தத் தகவலைப் பெற நான் மேற்கொண்ட முறையான நடவடிக்கைகளையும், அவற்றின் விளைவாகப் பொதுமக்களுக்கு ஏற்பட்ட சிரமங்களையும் கீழே பதிவு செய்கிறேன்.

நான் சுகாதார அலுவலகத்தில் கிடங்குக் காப்பாளர். என் நாவலின் பெயர் ‘பதினேழாவது குப்பி’. கெட்ட விஞ்ஞானி ஒருவன் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் கிருமியைக் கலந்துவிடுகிறான். நல்ல டாக்டர் ஒருவர் முந்நூற்று நாற்பது பக்கம் துரத்தி அவனைப் பிடிக்கிறார். எழுத ஒன்பது வருடம் ஆயிற்று. அச்சிட்ட பிரதிகளில் இருபதை நூலகம் எடுத்துக்கொண்டது. மற்றவை என் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

என் அக்கா தொட்டித் தெருவில் இருக்கிறாள். அவளிடம் ஒரு பிரதி நீட்டினேன்.

“கண்ணாடி மாத்தணும்டா. மாத்தினதும் நானே கேட்டு வாங்கிக்கிறேன். இப்ப குடுத்தா உங்க அத்தான் அது மேல டீ டம்ளரை வைப்பார்.”

அக்காவே இப்படி. ஆகவே நூலகத்துக்குப் போனேன்.

“நிறைய பேர் எடுத்துட்டுப் போறாங்க சார்,” என்றார் நூலகர் அம்மா. “என்ன நினைக்கிறாங்கன்னுதான் தெரியல. கருத்துச் சீட்டு தீர்ந்துபோச்சு. எழுதிக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு.”

என் கிடங்கில் படிவம் 14-அ ஆறு கட்டு சும்மா கிடந்தது. காய்ச்சல் விசாரணைப் படிவம். காய்ச்சலை யாரும் விசாரிக்காததால் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு கட்டை மட்டும் மரியாதைக்காக அலுவலகத்தில் விட்டுவிட்டு, ஐந்து கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர் அம்மா தலைப்பைக் கத்தரியால் வெட்டினார். அந்த இடத்தில் ‘வாசகர் கருத்து’ என்று முத்திரை குத்தினார். மற்றதை அப்படியே விட்டுவிட்டார். அச்சடித்த கோடுகள் அவ்வளவு நேராக இருந்தன.

நம் மக்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார்கள். மளிகைக்கடைக்காரர் இப்படி எழுதியிருந்தார்:

‘சந்தேகப்படும் பொருள்: பதினேழாவது குப்பி. தொடங்கிய நாள்: வெள்ளிக்கிழமை. அறிகுறிகள்: படபடப்பு, வியர்வை, தூக்கமில்லை. யாரிடமிருந்து வந்தது: மைத்துனர். யார் யாருக்குப் பரவியது: மனைவி, எதிர்வீட்டுக்காரர். தற்போதைய நிலை: இன்னும் மீளவில்லை.’

தையல்கார அம்மா ‘வயிற்றைப் பிசைகிறது’ என்று எழுதியிருந்தார். பேருந்து ஓட்டுநர் ‘இருபதாம் பக்கத்திலேயே நினைவு தப்பிவிட்டது’ என்று எழுதியிருந்தார். அவர் தூங்கிப்போனார் என்பது எனக்குப் புரிந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும், ‘எந்தப் பாதிப்பும் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அதிகாரிகள் உடனே போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்கிறார்கள். நம்பும்படியாக இல்லை’ என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பூர்த்தி செய்த படிவங்களை இணை இயக்குநருக்கு உடனே அனுப்பவும்.’ நூலகர் அம்மா அச்சில் உள்ளதை மீறாதவர். அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, இருநூறு ஜோடி கையுறையுடன் உடனே வரும்படி இணை இயக்குநர் என்னை அழைத்தார். மேசை மேல் அறுபத்தொரு படிவம் இருந்தது. சுவரில் ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நூலகத்தைச் சுற்றி மொய்த்தன.

“பத்தே நாள்ல அறுபத்தொண்ணு,” என்றார். “இவ்வளவு தெளிவான தகவல் என் சர்வீஸ்ல வந்ததே இல்ல.”

“ஐயா, அது நாவல்.”

“எது?”

“சந்தேகப்படும் பொருள். பதினேழாவது குப்பிங்கறது கதைப் புத்தகம்.”

அவர் சற்று யோசித்தார். “அப்போ கிருமி காகிதத்துல இருக்கு.”

“கிருமியே இல்லீங்க. கதையிலதான் இருக்கு. எழுதினவனே நான்தான்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அப்போ முதல் நோயாளி நீங்கதான்! எவ்வளவு நாளா இருக்கு?”

“ஒன்பது வருஷமா எழுதினேன்.”

“நாள்பட்டது,” என்று குறித்துக்கொண்டார். என்னையும் அடைத்துவைத்திருப்பார். கிடங்குச் சாவியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் முகக்கவசம் மட்டும் கொடுத்தார்.

வாசகர்கள் அறுபத்தொரு பேரும் பள்ளிக்கூடக் கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நூலகத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. மருந்து கொடுக்கும் சாக்கில் நானும் கூடத்துக்குப் போனேன். ஊரில் எந்த எழுத்தாளனுக்கு இப்படி வாசகர்களை ஒரே இடத்தில் பூட்டிவைத்துச் சந்திக்கும் வாய்ப்பு கிடைக்கும்?

“எத்தனையாம் பக்கம் வரை படிச்சீங்க?” என்று இளம் டாக்டர் மளிகைக்கடைக்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

“பின் அட்டை மட்டும்தாங்க.”

“படபடப்புன்னு எழுதியிருக்கீங்களே?”

“எல்லாரும் எழுதினாங்க. நான் மட்டும் ஒண்ணுமில்லன்னு எழுதினா மூளையில்லாதவன்னு நினைப்பாங்க.”

“லேசான தொற்று,” என்று டாக்டர் எழுதினார்.

அறுபது பேருக்கும் லேசான தொற்று என்றே முடிவாயிற்று. தையல்கார அம்மாவுக்கு அட்டைப்படத்தில் இருந்த எலிதான் வயிற்றைப் பிசைந்ததாம். ஆசிரியர் ஒருவர்தான் முழுவதும் படித்திருந்தார். முழுவதும் படித்தும் பாதிப்பில்லாத ஒரே மனிதர் என்பதால், தடுப்பு மருந்து தயாரிக்க அவரிடம் தினமும் இரண்டு குப்பி ரத்தம் எடுத்தார்கள்.

“நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா என் ரத்தம் தப்பிச்சிருக்கும்,” என்றார் என்னிடம்.

நான்காம் நாள் அக்கா போன் செய்தாள். குரலே எழும்பவில்லை.

“டேய், மூணு நாளா காய்ச்சல்டா. அத்தானுக்கும். தெருவுல நாப்பது வீட்லயும் படுத்துக் கிடக்கறாங்க. குழாயைத் திறந்தா நாத்தம் குடலைப் பிடுங்குது.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“போனோம். ‘நாவல் படிச்சீங்களா’ன்னு நர்ஸ் கேட்டுச்சு. இல்லன்னேன். ‘அப்போ உங்களுக்கு வந்திருக்கறது வேற காய்ச்சல்மா, அதுக்குப் படிவம் கிடையாது’ன்னு அனுப்பிட்டாங்க.”

இணை இயக்குநரிடம் ஓடினேன்.

“ஐயா, தொட்டித் தெருவுல நாப்பது வீடு படுத்துக் கிடக்கு. தண்ணியைச் சோதிக்கணும்.”

“எந்தப் படிவத்துல வந்துச்சு?”

“படிவம் இல்லீங்க. என் அக்கா போன்ல சொன்னா.”

“அக்கா போன் பண்ணினா ஆள் அனுப்ப இது என்ன உங்க வீடா? 14-அ-வுல எழுதித் தரச் சொல்லுங்க.”

அலுவலகத்தில் விட்டுவைத்த கட்டு கொள்ளைநோய் அறிக்கையின் நகல்களுக்கே தீர்ந்திருந்தது. என் மேசை இழுப்பறையில், தலைப்பு வெட்டிய ஒரே ஒரு 14-அ மிஞ்சியிருந்தது. என் நாவலுக்கு நானே ஒரு கருத்து எழுதிப்போடலாம் என்று எடுத்துவைத்தது. அதில் அக்காவின் முகவரியையும், காய்ச்சலையும், நாற்பது வீடுகளையும் எழுதினேன். சந்தேகப்படும் பொருள் என்ற கட்டத்தில் ‘தண்ணீர்’ என்று எழுதக் கை போயிற்று. தண்ணீர் வேறு துறை. கோப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும். ‘பதினேழாவது குப்பி’ என்று எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று வண்டிகள் தொட்டித் தெருவுக்குப் போயின. அவை திரும்பியதும் அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

“வீடு வீடா வந்து பீரோவைத் திறந்து பார்த்தாங்கடா. உன் புத்தகம் ஒரு வீட்லயும் இல்ல. ‘தொற்று இல்லை’ன்னு கதவுல எழுதிட்டுப் போயிட்டாங்க.”

“மருந்து?”

“புத்தகம் இருந்தாத்தான் மருந்தாம். டேய், கண்ணாடி கிடக்கட்டும். உன் புத்தகத்தை உடனே எடுத்துட்டு வாடா.”

கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அக்கா பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்ததா, நாற்பது பிரதி ஒரே தெருவில் போகப்போகிறது என்ற எண்ணம் முதலில் வந்ததா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று நடையாகச் சுமந்துபோய் வீட்டுக்கு ஒன்று வைத்தேன். சிலர் கையெழுத்தும் கேட்டார்கள். கையெழுத்து இருந்தால் ஊசி சீக்கிரம் போடுவார்கள் என்று தெருவில் பேச்சு.

வீடெல்லாம் புத்தகம் இருப்பதாகத் தகவல் சொன்னதும் வண்டிகள் திரும்ப வந்தன. புத்தகம் கைப்பற்றப்பட்டது, மருந்து வழங்கப்பட்டது, நான்கே நாளில் காய்ச்சல் இறங்கிற்று. நாற்பது பிரதிகளும் என் கிடங்குக்குப் பின்னால் முறைப்படி எரிக்கப்பட்டன. ‘நோய்க்கான மூலம் முற்றிலும் அழிக்கப்பட்டது’ என்ற அறிக்கைக்காக இணை இயக்குநருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் காய்ச்சல். என் வீட்டு வாசலில் வரிசை நின்றது. கட்டிலுக்கு அடியில் இப்போது வெறும் தரை. இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது.

“படிச்சியாக்கா?” என்று கேட்டேன்.

“தலைமாட்டுல வெச்சிருந்தேன்டா. காய்ச்சலுக்கு நல்லாக் கேட்டுச்சு.”

ஆக, என் நாவலை உண்மையிலேயே படித்தவர் ஒருவர்தான். அவர் சொன்னதும் சரியாகப் போயிற்று. வாசகர் கருத்துக்கு மதிப்பளித்து, அதிகாரிகள் தொட்டியைச் சோதிக்கும் மூன்றாம் அத்தியாயத்தைப் புதிய பதிப்பில் நீக்கிவிட்டேன்.

தொட்டித் தெருவின் நிஜக் குடிநீர்த் தொட்டிக்கு ஏற ஓர் இரும்பு ஏணி இருக்கிறது. மூடிக்குப் பூட்டும் கிடையாது. அக்கா வீட்டுக்குப் புத்தகம் சுமந்தபோது மூன்று தடவையும் ஏறிப் பார்க்காமல் அந்த ஏணியைச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.